ஒரே மீன், ஆற்றுக்கு ஒரு விதி: பாஸ் மீன்பிடிக் கட்டுப்பாடுகள் எப்படி வேலை செய்கின்றன?

மீன்பிடி விதிகள் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் காதில் விழும். "சின்னதை விட்டுடு, பெருசை எடுத்துக்கோ, அவ்வளவுதான்" என்பது ஒன்று. "பிடிச்சதையெல்லாம் திரும்ப விட்டுட்டா ஆறு தானா நிறைஞ்சுடும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றை மட்டும் நம்பிக்கொண்டு அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரைக்குத் தூண்டிலோடு போனால், அங்கே பலகையில் எழுதியிருப்பதைப் படித்ததும் தலைகால் புரியாது. ஒரே மீனுக்கு ஓர் ஆற்றில் 12 அங்குலம், வேறோர் ஆற்றில் 15 அங்குலம். ஒரு மாநிலத்தில் அதே மீனை ஒன்றுகூட எடுக்கக் கூடாது, இன்னொரு மாநிலத்தில் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்.

பார்க்கக் கோமாளித்தனமாகத் தெரியும். ஆனால் ஒவ்வோர் ஆற்றுக்கும் மீன்களின் பிறப்பு, வளர்ச்சி, சாவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. விதி அந்தக் கணக்கிலிருந்து பிறக்கிறது. கணக்கு புரிந்தால் விதியும் புரிந்துவிடும்.

எந்த மீன், எந்த ஆறு

பாஸ் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பல மீன்கள் உண்டு. நம் சந்தையில் சீபாஸ் என்று விற்கிற கொடுவா இங்கே பேச்சில் இல்லை. நாம் பேசப்போவது வட அமெரிக்காவின் நன்னீரில் வாழும் கறுப்பு பாஸ் என்ற குடும்பக் கூட்டத்தைப் பற்றி. ஸ்மால்மவுத், லார்ஜ்மவுத், ஸ்பாட்டட் ஆகியவை அதில் முக்கியமானவை. ஏரி, குட்டை என்றால் லார்ஜ்மவுத். தெளிந்து ஓடுகிற ஆறு என்றால் பெரும்பாலும் ஸ்மால்மவுத்தான் ராஜா.

எடுத்துக்காட்டுக்கு மிசௌரி மாநிலத்தின் தென்பகுதியை வைத்துக்கொள்வோம். ஓசார்க் என்று அழைக்கப்படும் மலைப்பகுதி அது. கரையும் பாறை நிறைந்த நிலம் என்பதால் ஊற்றுகள் ஏராளம். கோடையோ குளிரோ, ஊற்று நீர் ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸிலேயே வந்துகொண்டிருக்கும். ஜாக்ஸ் ஃபோர்க், பிக் பைனி, காஸ்கனேட், மெராமெக் என்று பல ஆறுகள் இந்த மலைகளிலிருந்து இறங்குகின்றன. கூழாங்கல் தரை, பெரும்பாறைகள், அடியில் க்ரேஃபிஷ் எனும் நன்னீர் இறால் வகை. ஸ்மால்மவுத் பாஸுக்கு இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை.

ஆட்டுக் கிடையின் மூன்று கணக்கு

ஒருவரிடம் ஆட்டுக் கிடை ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டு கிடை பெருகுமா சிறுக்குமா என்று அவர் யோசித்தால் மூன்று விஷயங்களைப் பார்ப்பார். ஈத்துக்கு எத்தனை குட்டி விழுந்தது, அவற்றில் எத்தனை தப்பிப் பிழைத்தது என்பது முதலாவது. குட்டி விற்கிற எடைக்கு வர எத்தனை மாதம் ஆகிறது என்பது இரண்டாவது. நோயிலும் நரியிலும் போனது எத்தனை, சந்தைக்குப் போனது எத்தனை என்பது மூன்றாவது.

மீன் அறிவியலும் இதே மூன்றைத்தான் எண்ணுகிறது. பிறந்த குஞ்சுகளில் தப்பிப் பிழைத்து மீன் கூட்டத்தில் சேருகிறவற்றைச் 'சேர்க்கை' என்று சொல்வோம். இரண்டாவது 'வளர்ச்சி'. மூன்றாவதில் இரண்டு பிரிவு: நோய், பறவை, வெள்ளம், முதுமை ஆகியவற்றால் வருவது 'இயற்கைச் சாவு', தூண்டிலால் வருவது 'பிடிப்புச் சாவு'.

இந்த நான்கு சொற்களில், மீன்பிடி விதியால் நேராகக் கை வைக்க முடிந்தது கடைசி ஒன்றில் மட்டும். ஆட்டுக்காரர் "இந்த மாதம் விற்க மாட்டேன்" என்று முடிவெடுக்கலாம். துள்ளுமாரி நோய் வராதே என்று உத்தரவு போட முடியாது. விதிகளைப் பற்றிய பாதிக் குழப்பம் இதை மறந்துவிடுவதால் வருகிறது.

ஆற்றில் அந்தக் கணக்கு

வளர்ச்சியிலிருந்து தொடங்குவோம். ஓசார்க் ஆறுகளில் ஒரு ஸ்மால்மவுத் 12 அங்குலம் வளர நான்கைந்து ஆண்டு ஆகும். 15 அங்குலம் என்றால் ஆறேழு ஆண்டு, சில ஓடைகளில் அதற்கும் மேலே. ஏரியில் இரை கொட்டிக் கிடக்கிற பாஸ் இதைவிட வேகமாக வளரும். ஆற்று மீன் நீரோட்டத்தை எதிர்த்தே நிறையச் சக்தியைச் செலவழிக்கிறது. கையில் ஏந்திப் பார்க்கும்போது ஒரு கிலோ எடைகூட இல்லாத மீன்தான். ஆனால் வயதில் அது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

சேர்க்கை இன்னும் சுவாரசியமானது. வசந்தத்தில் நீர் 15 டிகிரியைத் தாண்டியதும் ஆண் மீன் கரையோரமாக, பெரும்பாறை அல்லது விழுந்த மரத்தின் மறைவில் ஓர் இடம் பார்க்கும். வாலால் அடித்து அடித்து மண்ணையும் பாசியையும் விலக்கும். முழங்காலளவு நீரில் நின்று பார்த்தால் சுற்றிலும் பழுப்பான தரை நடுவே கழுவி வைத்தது போன்ற வெளிறிய வட்டம் தெரியும். அதுதான் கூடு. பெண் வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் பிறகு எல்லா வேலையும் அப்பாவுக்குத்தான். முட்டை மேல் மண் படியாமல் துடுப்பால் விசிறுவது, முட்டை தின்ன வருகிற சன்ஃபிஷ்களைத் துரத்துவது, பொரித்த பிறகு கறுப்புப் பொட்டுகள் போலக் கூட்டமாக மிதக்கும் குஞ்சுகளோடு சுற்றிவருவது. வாரக்கணக்கில் இது நடக்கும். அந்தக் காலத்தில் அது சரியாக இரை எடுப்பதும் இல்லை.

இப்போது அந்தக் கூட்டுக்கு மேல் ஒரு தூண்டில் வந்து விழுகிறது என்று வையுங்கள். பசிக்காக இல்லாவிட்டாலும், எதிரி வந்துவிட்டது என்று ஆண் மீன் பாய்ந்து கவ்வும். அதைப் பிடித்துப் படம் எடுத்து முத்தம் கொடுத்து விடுவதற்குள், காத்திருந்த சன்ஃபிஷ்கள் கூட்டுக்குள் புகுந்துவிடும். சில நிமிடங்களே போதும். மீனைப் பத்திரமாக விட்டாலும், கூடு பாதி காலியாகிவிட்டால் சில அப்பாக்கள் காவலையே கைவிட்டுவிடுகின்றன.

இத்தனைக்கும் மேலே வெள்ளம். மே, ஜூன் மாதங்களில் பெருவெள்ளம் வந்தால் கூடும் குஞ்சும் மொத்தமாக அடித்துப் போகும். 2017 ஏப்ரல் கடைசியில் ஓசார்க் பகுதியின் கரண்ட் ஆற்றில் அதுவரை பதிவாகாத உயரத்துக்கு வெள்ளம் வந்தது. அப்படி ஒரு நீர் கூட்டின் மேல் ஓடினால் அந்த ஆண்டின் சேர்க்கை அநேகமாகப் போச்சு. அதனால்தான் ஆற்றில் ஐந்து வயது மீன்கள் நிறைய இருக்க, நான்கு வயது மீன்களைத் தேட வேண்டியிருக்கிற விநோதம் நடக்கிறது. யாரும் அதிகமாகப் பிடித்துவிட்டதால் வந்த வினை இல்லை அது.

சுருக்கமாக: ஆற்று பாஸ் மெதுவாக வளரும், ஓர் ஆண்டுக்கும் மறு ஆண்டுக்கும் அதன் சேர்க்கை தாறுமாறாக ஏறி இறங்கும், அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மழையும் வெயிலும்.

விதிகள்: எது எதைக் காக்கிறது

மிசௌரியின் பெரும்பாலான ஓடைகளில் ஸ்மால்மவுத்தை எடுத்துப் போக வேண்டுமென்றால் அது 12 அங்குலமாவது இருக்க வேண்டும். இது 'குறைந்தபட்ச நீளம்'. இதன் முதல் நோக்கம் எளிது. மூன்று நான்கு வயதில் முதிர்ச்சி அடைகிற மீன் ஒரு முறையாவது முட்டையிட்டுவிட்டு அப்புறம் சட்டிக்குப் போகட்டும் என்பது.

ஜாக்ஸ் ஃபோர்க், பிக் பைனி போன்ற ஆறுகளின் சில பகுதிகளில் 15 அங்குலம், நாளைக்கு ஒரே ஒரு ஸ்மால்மவுத் என்று கடுமையான விதி இருக்கிறது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "அங்கே மீன் அழியப்போகிறதா?" என்று கேட்கிறார்கள். இல்லை. மீன் இனத்தைக் காப்பாற்ற 12 அங்குலமே போதும். 15 அங்குல விதியின் நோக்கம் ஆற்றில் பெரிய மீன்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது, அதாவது தூண்டில்காரர்களின் மகிழ்ச்சி. இதையும் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் குழப்பம். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் பலகையிலேயே வெவ்வேறு தலைப்பு போடலாம்.

'நாள் வரம்பு' என்பது ஒருவர் ஒரு நாளில் எடுக்கக்கூடிய எண்ணிக்கை. மிசௌரியில் பொதுவாக எல்லாக் கறுப்பு பாஸும் சேர்த்து ஆறு. காதில் விழும்போது பெரிய கட்டுப்பாடு போலத் தோன்றும். உண்மையில் ஆற்றில் விதிக்குட்பட்ட ஆறு மீனை ஒரே நாளில் பிடிக்கிறவர் அபூர்வம். அதனால் இந்த விதி மீனைக் காப்பதைவிட, நல்ல நாளில் ஒருவரே வாரிச் சுருட்டாமல் பங்கிட்டுக்கொள்ள வைக்கிறது.

அடுத்தது 'தடைக்காலம்'. மிசௌரி ஆற்றுக்குத் தெற்கே உள்ள பெரும்பாலான ஓடைகளில், மே மாதத்தின் நான்காவது சனிக்கிழமை தொடங்கி பிப்ரவரி கடைசி நாள் வரை மட்டும்தான் பாஸை எடுத்துப் போகலாம். இடையில் உள்ள வசந்த மாதங்களில் பிடிக்கலாம், ஆனால் உடனே விட்டுவிட வேண்டும். நம் கிழக்குக் கடலின் 61 நாள் தடைக்காலத்தை வைத்து யோசிப்பவர்கள் "முட்டையிடும் பெண் மீனுக்காக" என்று நினைத்துக்கொள்வார்கள். பாஸ் விஷயத்தில் காக்கப்பட வேண்டிய ஆள் காவலுக்கு நிற்கிற அப்பா. கூட்டின் மேல் தூண்டில் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது. அதை விதி கேட்கவில்லை. மனசாட்சியுள்ள தூண்டில்காரர்கள் வெளிறிய வட்டத்தைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நான்காவது 'ஸ்லாட்'. நடு அளவு மீனைக் காத்து, அதைவிடச் சிறியதையும் பெரியதையும் எடுக்கவிடும் விதி இது. ஏரிகளில்தான் அதிகம் பார்க்கலாம். சிறு மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு இரை போதாமல் வளர்ச்சி நின்றுபோன இடத்துக்கு இது மருந்து. கூட்டத்தைக் குறைத்தால் மிச்சமிருப்பவை வளரும். ஆனால் மக்கள் சின்ன மீனை எடுத்துப் போனால்தான் இது வேலை செய்யும். பாஸ் பிடிக்கிறவர்களுக்கோ சின்ன மீனைச் சமைப்பதில் துளியும் ஆர்வம் இல்லை. பல இடங்களில் ஸ்லாட் காகிதத்தில் மட்டும் ஸ்லாட்டாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

விதி எப்போது கைகொடுக்காது

ஆட்டுக்காரரிடம் திரும்பப் போவோம். மழைக்கு முன் ஐந்து குட்டிகளை விற்றார். மழை வந்தது, புது மேய்ச்சலில் துள்ளுமாரி வந்தது, கிடையில் எப்படியும் சில குட்டிகள் செத்திருக்கும். விற்ற ஐந்தில் சில அந்தக் கணக்கில் போயிருக்க வேண்டியவைதான். அப்படியானால் விற்பனையால் கிடை அவ்வளவாகச் சுருங்கவில்லை. இதை 'ஈடாகும் சாவு' என்று சொல்லலாம். ஆனால் நோயெல்லாம் தாண்டி வந்த, நன்றாக ஈனுகிற தாய் ஆடுகளை விற்றிருந்தால் ஒவ்வொன்றும் சுத்த நட்டம். அது 'கூடுதல் சாவு'.

ஆற்றிலும் இதே. குட்டி மீன்களில் பெரும்பகுதி பெரிதாகும் முன்பே இயற்கையாகச் சாகும். இயற்கைச் சாவு அதிகமாகவும் வளர்ச்சி மெதுவாகவும் உள்ள ஓடையில் நீள வரம்பை உயர்த்தினால், நாம் விட்டுவிட்ட மீன் 15 அங்குலத்தை எட்டும் முன்பே நாரையோ நீர்நாயோ அதைச் சாப்பிட்டிருக்கும். பலன் நமக்கும் இல்லை, சட்டிக்கும் இல்லை. வளர்ச்சி நன்றாக இருந்து, பிடிப்புச் சாவும் உண்மையிலேயே அதிகமாக உள்ள ஆற்றில்தான் நீள வரம்பு பளிச்சென்று பலன் தரும்.

இன்னொரு விஷயம், அமெரிக்க பாஸ் தூண்டில்காரர்களில் பெரும்பாலோர் இன்று விதி கேட்காமலே மீனை விட்டுவிடுகிறார்கள். எடுத்துப் போவோரே குறைவு என்றால் வரம்பை 12-லிருந்து 15-ஆக்குவதால் மாறுவதும் குறைவு. அதே சமயம் விட்ட மீன் எல்லாம் பிழைக்கும் என்றும் இல்லை. குளிர்ந்த நீரில், செயற்கை இரையால் உதட்டில் மாட்டிய மீன் அநேகமாகப் பிழைக்கும். உயிர் இரையை ஆழமாக விழுங்கிய மீனை, கோடை வெயிலில், இழுத்துப் பறித்து முள்ளை எடுத்தால் கதை வேறு. தொண்டைக்குக் கீழே முள் இறங்கியிருந்தால் நூலை வெட்டிவிட்டு அப்படியே விடுவது மேல்.

ஓசார்க்கில் இன்னொரு பழக்கமும் உண்டு. செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை, இரவில் விளக்கு கட்டிய தட்டைப் படகில் நின்று பல்முனை ஈட்டியால் சக்கர் மீனைக் குத்துவார்கள். கரையில் அடுப்பு மூட்டி அங்கேயே பொரித்துச் சாப்பிடும் திருவிழா அது. சட்டப்படி பாஸைக் குத்தக் கூடாது. ஆனால் ஊற்றோரப் பள்ளங்களில் குளிருக்கு ஒதுங்கிக் கிடக்கும் பெரிய ஸ்மால்மவுத்தைச் சிலர் விடுவதில்லை. ஈட்டி பட்டதை அளந்து பார்த்துத் திரும்ப விடவும் முடியாது. எவ்வளவு நல்ல நீள விதியானாலும் இந்த ஓட்டை வழியாகக் கசியும்.

விதியின் எல்லையைக் காட்ட பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா ஆற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பெயர்பெற்ற ஸ்மால்மவுத் ஆறு. 2005 கோடையில் அங்கே அந்த ஆண்டுக் குஞ்சுகள் புண்ணோடு மிதக்கத் தொடங்கின. பின் வந்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது. ஆற்றின் நடுப்பகுதியில் 2011 முதல் பாஸை எடுக்கவே கூடாது, பிடித்தால் உடனே விட வேண்டும் என்றார்கள். அடுத்து வசந்தத் தடைக்காலமும் வந்தது. சரியான முடிவுதான். மிச்சமிருந்த பெரிய மீன்களையாவது காப்பாற்றியது. ஆனால் நோய்வாய்ப்பட்ட குஞ்சைத் தூண்டில் விதி குணப்படுத்தாது. 2015-இல் வெளிவந்த ஆய்வு முடிவு, கிருமிகளையும் ஒட்டுண்ணிகளையும், ஹார்மோனைக் குலைக்கும் ரசாயனங்களையும் களைக்கொல்லிகளையும் முதன்மைக் காரணங்களாகக் காட்டியது. அதாவது சிக்கல் சேர்க்கையில். விதியின் கை எட்டுவது பிடிப்புச் சாவு வரை மட்டும்.

சுருக்கமாக: மீன் குறைந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, குறைந்தது மூன்று கணக்கில் எதனால் என்பது. பிடிப்பால் என்றால் விதியை மாற்றலாம். மற்றவற்றால் என்றால் கரையோர மரங்கள், ஆற்றில் இறங்கும் மாடுகளுக்கு வேலி, வயலிலிருந்து வழியும் நீர் என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும்.

அதே மீன், எதிர் விதி

இப்போது மேற்கே போவோம். ஸ்மால்மவுத் அமெரிக்காவின் கிழக்கு, நடுப் பகுதிகளின் மீன். மேற்குக் கடற்கரை ஆறுகளுக்கு மனிதர்கள்தான் அதைக் கொண்டுபோனார்கள். அங்கே அது கடலுக்குப் புறப்படும் சால்மன் குஞ்சுகளைத் தின்கிறது. அதனால் ஆரிகன் மாநிலம் 2016-இல் கொலம்பியா, ஜான் டே, அம்ப்குவா ஆறுகளில் பாஸுக்கான அளவு வரம்பையும் எண்ணிக்கை வரம்பையும் நீக்கிவிட்டது.

கொலராடோ ஆறு ஓடும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கதை இன்னும் தீவிரம். அதற்கு மேலே க்ளென் கேன்யன் அணை தேக்கிவைத்திருக்கும் பாவல் ஏரியின் நீர்மட்டம் வறட்சியால் இறங்கியபோது, மேல்மட்ட வெதுவெதுப்பான நீரும் அதோடு பாஸும் அணையின் வழியாகக் கீழே போயின. 2022-இல் அணைக்குக் கீழே ஸ்மால்மவுத் குஞ்சுகள் சிக்கின. அங்கேதான் ஹம்ப்பேக் சப் என்ற அரிய உள்ளூர் மீனின் முக்கிய இருப்பிடம். 2024 கோடையில் அணையின் அடியிலிருந்து குளிர்ந்த நீரைத் திறந்து, ஆற்றை 15.5 டிகிரிக்கும் கீழே வைக்க முயன்றார்கள். மேலே சொன்ன கூடு கட்டும் வெப்பநிலையை நினைத்துப் பாருங்கள். ஓசார்க்கில் காக்கிற அதே கூட்டை இங்கே கட்டவிடாமல் தடுக்கிறார்கள்.

டெக்சஸில் சிக்கல் வேறு மாதிரி. குவாடலூப் பாஸ் அந்த மாநிலத்தில் மட்டுமே இயற்கையாக வாழ்வது, 1989 முதல் மாநில மீன். 1970-களில் தூண்டில்காரர்களுக்காக ஸ்மால்மவுத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் கலந்து கலப்பினம் பெருகியது. கலப்பினத்தைக் கண்ணால் பிரிப்பது கடினம் என்பதால் எந்த நீள விதியும் உதவவில்லை. 2011 முதல் தெற்கு லானோ ஆற்றில் தூய குவாடலூப் குஞ்சுகளை லட்சக்கணக்கில் விட்டுத்தான் கலப்பைக் குறைத்தார்கள்.

கரையில் நிற்கும்போது

மெராமெக் ஆற்றில் ஸ்பாட்டட் பாஸ் பெருகி ஸ்மால்மவுத்தை நெருக்குகிறது. அதனால் அங்கே ஸ்பாட்டடுக்கு நீள வரம்பே இல்லை, நாள் வரம்பும் தாராளம். ஆகவே கையில் இருப்பது எது என்று தெரியாமல் விதியைப் படித்துப் பயனில்லை. உடம்பில் மேலிருந்து கீழாகப் பட்டைகள் என்றால் ஸ்மால்மவுத். தலையிலிருந்து வால் வரை நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு, மேல்தாடை கண்ணைத் தாண்டிப் போகிறது என்றால் லார்ஜ்மவுத். கோடு இருந்து, தாடை கண்ணைத் தாண்டாமல், நாக்கைத் தடவினால் சொரசொரவென்று இருந்தால் ஸ்பாட்டட்.

அளப்பதற்கும் முறை உண்டு. மீனை அளவுகோலின் மேல் தட்டையாகக் கிடத்தி, வாயை மூடி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். வாலின் இரண்டு இதழ்களையும் விரலால் சேர்த்துப் பிடித்தால் நீளம் கொஞ்சம் கூடும். மிசௌரியில் அப்படிச் சேர்த்து அளப்பதுதான் முறை. கையை ஈரமாக்கிக்கொண்டு தொடுங்கள், மீனின் வழுவழுப்புப் படலம் உரியாது. விதிகள் அவ்வப்போது மாறும், ஒரே ஆற்றில் பாலத்துக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்றும் இருக்கும். அதனால் கிளம்பும் முன் அந்த ஆண்டின் விதிக் கையேட்டில், போகிற ஆற்றின் பெயரை மட்டுமல்லாமல் எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.